இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்

வில்லங்கச் சான்றுக்கு இரண்டு படிவங்கள் உண்டு. கேட்ட காலத்துக்குள் சொத்தின் மேல் ஏதாவது பத்திரம் பதிவாகியிருந்தால் படிவம் 15. ஒன்றுமே பதிவாகவில்லை என்றால் படிவம் 16. இந்த இரண்டாவதைத்தான் ‘நில் ஈ.சி.’ என்கிறோம். யோசித்தால் வேடிக்கையான காகிதம் அது. விண்ணப்பம் போட்டு, எத்தனை வருடம் தேட வேண்டும் என்று கணக்குச் சொல்லி, அதற்குக் கட்டணமும் கட்டி, கடைசியில் வாங்கிக்கொண்டு வருவது ‘இல்லை’ என்ற ஒரே சொல்லை. அந்த ‘இல்லை’ கையில் இருந்தால்தான் கடன் கொடுக்கிற வங்கி அடுத்த பக்கத்தைப் புரட்டும். பிறப்புப் பதிவிலும் இதே சங்கதிதான். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டுக்காகக் காலம் கடந்து தன் பிறப்பைப் பதிவு செய்யக் கிளம்பினால், முதலில் வாங்க வேண்டியது பிறந்த ஊர்ப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை என்ற சான்று. அது இல்லாமல் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு நகராது.

ஆக, ‘இல்லை’ என்ற சொல்லுக்கு நம் அலுவலகங்களில் விலை இருக்கிறது, படிவம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. ஆனால் நாம் கொடுத்த மனு ஏற்கப்படாதபோது சொல்லப்படுகிற ‘இல்லை’ மட்டும் வாயோடு போய்விடுகிறது. ‘அதெல்லாம் வராதும்மா.’ ‘சிஸ்டம் ஏத்துக்காது சார்.’ ‘மேல கேட்டுத்தான் சொல்லணும்.’ ‘அடுத்த வாரம் வந்து பாருங்க.’ இந்த நான்கு வாக்கியங்களுக்கும் தேதி கிடையாது, எண் கிடையாது, கையெழுத்து கிடையாது. தாலுகா அலுவலகத்தில் மக்கள் தோற்பது சட்டம் தங்களுக்கு எதிராக இருப்பதால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அவர்களைத் தோற்கடிப்பது இந்தத் தேதியில்லாத வாக்கியங்கள்தான் என்பது என் பிடிவாதமான எண்ணம். எவ்வளவோ கலைத்துப் பார்த்தாயிற்று, கலைய மறுக்கிறது.

பிராதில் ஒரு காலி இடம்

வாரிசுச் சான்று மனு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம், எந்த வட்டத்திலும் நடக்கக்கூடியது. கணவர் இறந்துவிட்டார். மனு போடுகிறவர் இரண்டாம் தாரம். முதல் தாரம் முன்பே காலமாகி, அவர் பெற்ற மகன் வேறு ஊரில் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை. இந்த அம்மா நேர்மையாக அவர் பெயரையும் சேர்த்தே இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்கிறார். கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறது, வருவாய் ஆய்வாளரிடம் போகிறது, அங்கே நிற்கிறது. ‘மூத்த தாரத்துப் பையனோட ஆதார் வேணும்மா, அவரு வந்து கையெழுத்துப் போடணும்.’ அவர் வரமாட்டார். இந்த அம்மா இன்னொரு நாள் போகிறார். ‘முதல் கல்யாணத்துக்கு ஆதாரம் இருக்கா?’ மூன்றாம் முறை: ‘கோர்ட்ல பாத்துக்கோங்கம்மா, இங்க வராது.’ ஒவ்வொரு முறையும் காரணம் ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஆன்லைனில் பார்த்தால் மனு ‘பரிசீலனையில்’ என்றே இருக்கும், அல்லது ஒரு நாள் சத்தமில்லாமல் ‘ஆவணங்கள் தெளிவாக இல்லை’ என்ற மூன்று சொற்களோடு நிராகரிக்கப்பட்டிருக்கும்.

சரி, கோர்ட்டுக்கே போகலாம் என்று வக்கீல் ஆபீசுக்கு வருகிறார். பிராது, அதாவது வழக்கைத் தொடங்கும் மனு, தயாராகிறது. வாதி யார், பிரதிவாதி யார், இறந்தவர் எப்போது இறந்தார், யார் யார் வாரிசு, எல்லாம் டைப் ஆகிவிடுகிறது. பிறகு வழக்கு மூலம், அதாவது வழக்குப் போட என்ன காரணம், அது எப்போது எழுந்தது என்று சொல்லும் பத்தி வருகிறது. ‘இவ்வழக்குக்கான மூலம், வாதியின் கணவர் காலமான இந்த நாளிலும், வாதி மனுச் செய்த இந்த நாளிலும், இரண்டாம் பிரதிவாதி வாதியின் கோரிக்கையை நிராகரித்த…’ என்று வந்து குமாஸ்தாவின் விரல் நிற்கிறது.

‘வராதுன்னு என்னைக்கும்மா சொன்னாங்க?’

‘தை பொறந்ததுக்கு அப்புறம்ங்க. ஒரு செவ்வாக்கிழமை.’

‘எழுதி எதும் குடுத்தாங்களா?’

‘வாயிலதான் சொன்னாங்க.’

இந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வழக்கு மூலம் எழுந்தது எப்போது என்று பிராதில் சொல்லியாக வேண்டும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7-வது கட்டளை முதல் விதியே அதைக் கேட்கிறது. விளம்புகை, அதாவது உரிமையை அறிவிக்கும்படி, கேட்கும் வழக்குக்குக் காலவரையறை மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டு எண்ணத் தொடங்குவது வழக்குத் தொடுக்கும் உரிமை முதலில் எழுந்த நாளிலிருந்து. அரசு அதிகாரியைப் பிரதிவாதியாகச் சேர்ப்பதென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவின் கீழ் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அந்த நோட்டீசிலும் வழக்கு மூலத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தேதியில் போய் முட்டுகிறது. கையில் இருப்பதோ ‘தைக்கு அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை’. அரசுத் தரப்பு எதிருரை எப்படி வரும் என்பது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம்: ‘வாதியின் மனு ஒருபோதும் நிராகரிக்கப்படவில்லை. வாதி உரிய ஆவணங்களைச் சமர்ப்பிக்காததால் மனு நிலுவையில் உள்ளது. வழக்கு உரிய காலத்துக்கு முன்பே தொடுக்கப்பட்டது.’ அதில் சொல்வது ஒரு வகையில் உண்மையும்கூட. யாரும் நிராகரிக்கவில்லை. ‘வராதும்மா’ என்றார்கள், அவ்வளவுதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம்

பழைய தாலுகா தலைநகரங்கள் பலவற்றில் தாலுகா கச்சேரி, சார்பதிவாளர் அலுவலகம், கருவூலம், முன்சீப் கோர்ட் எல்லாம் ஒரே வளாகத்தில், ஒரே வேப்பமரத்தடியில் இருக்கும். ஒரே ஜெராக்ஸ் கடை, ஒரே டீக்கடை. ஆனால் ‘இல்லை’ சொல்லும் பழக்கம் கட்டடத்துக்குக் கட்டடம் வேறு. கோர்ட்டைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம், நானே சொல்வேன். ஆனால் ஒரு காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கிற விஷயத்தில் மட்டும் அதன் ஒழுக்கத்தை மற்ற அலுவலகங்கள் கடன் வாங்கலாம்.

பிராது தாக்கலாகிறது. எண் தருவதற்கு முன் அலுவலகத்தில் சரிபார்க்கிறார்கள். குறை இருந்தால் ‘ரிட்டர்ன்’. இளம் வக்கீல்கள் இந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சலாவார்கள். ஆனால் அந்தக் கட்டின் முதுகைப் பாருங்கள். ‘இவ்வழக்கு இந்நீதிமன்றத்தில் எவ்வாறு நிலைக்கத்தக்கது என விளக்கவும். சொத்தின் மதிப்புக்கு ஆதாரம் தாக்கல் செய்யப்படவில்லை. நான்காவது ஆவணத்தின் அசல் எங்கே? 7 நாள் அவகாசத்தில் திருப்பப்படுகிறது.’ கீழே தேதி, இனிஷியல். வக்கீல் அதற்குக் கீழேயே ‘குறைகள் நிவர்த்தி செய்யப்பட்டு மறுபடி சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்புவார். இரண்டாம் ரிட்டர்ன் வரலாம், மூன்றாவதும் வரலாம். சில சமயம் முதல் தடவையே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்றாம் தடவை கேட்டு உயிரை வாங்குவார்கள். ஆனாலும் யார், எப்போது, எதற்காகத் திருப்பினார்கள் என்ற முழு வரலாறும் அந்த ஒரே தாளின் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும். கேட்ட கேள்வியை மறந்துவிட்டு வேறு கேள்விக்குத் தாவினால் அதுவும் அங்கேயே பதிந்துவிடும்.

நீதிபதியே செய்யும்போது இது இன்னும் கறாராகிறது. பிராது வேறு நீதிமன்றத்துக்கு உரியது என்று திருப்பினால், தாக்கலான தேதி, திருப்பிய தேதி, தாக்கல் செய்த தரப்பின் பெயர், காரணத்தின் சுருக்கம் ஆகியவற்றை அதன் மேலேயே எழுத வேண்டும் என்கிறது 7-வது கட்டளையின் 10-வது விதி. பிராதை அடியோடு நிராகரித்தால் காரணத்தோடு ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது 12-வது விதி. இதைவிட அழகான ஒன்று அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவில் இருக்கிறது. ‘டிகிரி’ (வழக்கின் முடிவைச் சொல்லும் நீதிமன்ற ஆணை) என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், பிராதை நிராகரிப்பதும் டிகிரியாகவே கருதப்படும் என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே விடாமல் வாசலிலேயே மறிக்கப்பட்டவருக்கும் வழக்காடித் தோற்றவருக்குக் கிடைக்கிற அதே அந்தஸ்து. அந்த டிகிரியை எடுத்துக்கொண்டு அவர் மேல்முறையீட்டுக்குப் போகலாம்.

இதே வளாகத்தில் இன்னொரு காகிதத்தின் முதுகையும் காட்ட வேண்டும்: தீர்ப்பின் சான்றிட்ட நகல். முன்பக்கத்தைத்தான் எல்லோரும் படிப்பார்கள். அனுபவமுள்ள குமாஸ்தா வாங்கியதும் கடைசித் தாளைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே ஒரு முத்திரைக் கட்டம் இருக்கும். நகல் மனுச் செய்த நாள், கட்டணம் கோரிய நாள், கட்டணம் செலுத்திய நாள், நகல் தயாரான நாள், நகல் வழங்கிய நாள். அப்பீலின் உயிர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் போக 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் வாங்க ஆன நாள்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12-வது பிரிவு கழித்துக் கொடுக்கிறது. ஜூன் 2-ஆம் தேதி தீர்ப்பு; ஜூன் 5 நகல் மனு; ஜூன் 24 நகல் தயார். சேர்த்து எண்ணினால் 20 நாள் கழிவு. ஜூலை 2-இல் முடிய வேண்டிய கெடு ஜூலை 22 வரை நீள்கிறது. தவறு நடப்பது எங்கே? டிகிரி தயாராகட்டும், பிறகு நகல் கேட்கலாம் என்று பலர் காத்திருப்பார்கள். நகல் மனுப் போடுவதற்கு முன்னால் டிகிரி தயாரிக்க கோர்ட் எடுத்துக்கொண்ட நாள்கள் கழிவில் சேராது என்று அதே பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. தீர்ப்புச் சொன்ன அன்றே நகல் மனுவைப் போட்டுவிட வேண்டும். அதேபோல் கட்டணம் கோரிய நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையே விட்ட நாள்கள் உங்கள் தலையில். நகல் தயாராகிக் கிடந்தும் போய் வாங்காத நாள்களும் அப்படியே. யார் எத்தனை நாள் தாமதம் செய்தார்கள் என்பதை ஒரு உள்ளங்கை அகல முத்திரை பிரித்துக் காட்டிவிடுகிறது. தாலுகா அலுவலகத்தில் ஒவ்வொரு மனுவின் முதுகிலும் இப்படி ஒரு கட்டம் இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஏன் எழுத மாட்டார்கள்

‘எழுதிக் கொடுங்க’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதற்குக் காரணம் எப்போதும் லஞ்சம் என்று சொல்லிவிடுவது சுலபம். அது உண்டுதான். ஆனால் லஞ்சம் வாங்காத அதிகாரியும் எழுத மாட்டார். வாய்மொழி மறுப்புக்கு அப்பீல் கிடையாது. எழுதிய மறுப்புக்கு உண்டு. எழுதினால் எந்தச் சட்டம், எந்த அரசாணை என்று சொல்ல வேண்டும். அது தவறாகப் போனால் மேலதிகாரி விளக்கம் கேட்பார். நிலுவைப் பட்டியலில் ‘ஆவணம் கேட்கப்பட்டுள்ளது’ என்று நிற்கிற மனு யாரையும் கடிப்பதில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு காரணம் இருக்கிறது, அதை வெளியே அதிகம் பேசுவதில்லை. மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு விஷயம் நிர்வாகச் சட்டத்தில் இன்றும் தினமும் பயன்படுகிறது: ஓர் ஆணை சரியா தவறா என்பதை அந்த ஆணையில் எழுதப்பட்ட காரணங்களைக் கொண்டே பார்க்க வேண்டும்; பிறகு நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டுப் புதுக் காரணம் ஒட்டவைக்க முடியாது. அதாவது எழுதிய அன்று அதிகாரி தன் காரணத்தோடு கட்டிப் போடப்படுகிறார். வாயால் சொல்லும்வரை காரணம் ஆதாரிலிருந்து கல்யாணப் பத்திரிகைக்கும், அங்கிருந்து கோர்ட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கலாம். எழுதிவிட்டால் ஆணி அடித்த மாதிரி. அந்த அம்மா எழுதி வாங்கியிருந்தால், முதல் நாள் சொன்ன ஆதார்க் காரணத்தோடுதான் எல்லோரும் வாழ்ந்திருக்க வேண்டும். ‘ஒரு வாரிசு ஒத்துழைக்கவில்லை என்றால் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து விசாரித்து முடிவெடுங்கள்’ என்று கோட்டாட்சியர் ஒரே விசாரணையில் தீர்த்திருக்கலாம்.

பதிவுத் துறையில் இது எவ்வளவு வித்தியாசமாக இருக்கிறது என்று பாருங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 71-வது பிரிவு சார்பதிவாளரை வசமாகக் கட்டிப்போடுகிறது. பத்திரத்தைப் பதிய மறுத்தால் மறுப்பாணை பிறப்பிக்க வேண்டும், காரணத்தை 2-ஆம் புத்தகத்தில் எழுத வேண்டும், பத்திரத்தின் மேலேயே ‘பதிவு மறுக்கப்பட்டது’ என்று குறிக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் கேட்டால் காரணத்தின் நகலைக் கட்டணமில்லாமல், வீண் தாமதமில்லாமல் தர வேண்டும். சொத்து தன் எல்லையில் இல்லை என்ற ஒரு காரணத்துக்கு மட்டும் விலக்கு. இன்றைக்கு அது கணினியில் எண்ணோடு வருகிற மறுப்புச் சீட்டாகிவிட்டது. அந்தச் சீட்டின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் 72-வது பிரிவின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் அப்பீல். எழுதிக்கொடுத்தவரே ‘நான் கையெழுத்துப் போடவில்லை’ என்று மறுத்ததால் பதிவு நின்றிருந்தால் வழி 73-வது பிரிவு, அதற்கும் 30 நாள். மாவட்டப் பதிவாளரும் மறுத்தால் 77-வது பிரிவில் 30 நாளுக்குள் சிவில் வழக்கு.

இந்தச் சீட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2025 ஏப்ரல் 7-ஆம் தேதித் தீர்ப்பு சாட்சி. தமிழ்நாட்டில் ஒருவருடைய கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிய மறுத்தார். விற்பவரின் உரிமைக்கு ஆதாரம் காட்டவில்லை என்பது காரணம், அதற்குக் காட்டிய விதி தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ. உயர் நீதிமன்றத்தில் அவருக்குப் பலன் இல்லை. உச்ச நீதிமன்றம் அந்த 55-ஏ (1) விதியே பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையே கிடையாது என்றது. விதிக்குள் மறைந்திருந்த கோளாறு வெளியே தெரிந்ததற்கு ஒரு அதிகாரி தன் மறுப்பில் விதியின் எண்ணை எழுதிக் கொடுத்திருந்ததும் ஒரு காரணம். ‘தாய்ப்பத்திரம் இல்லாம முடியாது சார்’ என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பியிருந்தால் டெல்லிவரை எதைத் தூக்கிக்கொண்டு போவது? சார்பதிவாளர் அலுவலகத்திலும் டோக்கன் போடும் முன்பே, ஆவண எழுத்தர் வழியாகவே ‘இது வராது’ என்று சொல்லிவிடுகிற பழக்கம் உண்டு. அதை ஏற்காதீர்கள். டோக்கன் எடுத்துப் பத்திரத்தை முறைப்படித் தாக்கல் செய்து, மறுப்புச் சீட்டைக் கேளுங்கள்.

கேட்கிற விதம்

சண்டை போட்டால் எழுதித் தர மாட்டார்கள். மனுவிலேயே கேட்டுவிட வேண்டும். மனுவின் கடைசிப் பத்தியாக இதைச் சேர்த்தால் போதும்: ‘என் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல எனக் கருதினால், அதற்கான காரணத்தையும் பொருந்தும் சட்டப்பிரிவு அல்லது அரசாணையையும் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாக ஆணை வழங்கக் கோருகிறேன்.’ மனுவை அதிகாரியின் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள், ஆள் மாறினாலும் மனு மாறாது. பக்கங்களுக்கு எண் போடுங்கள், இணைப்புகளை மனுவின் கீழேயே வரிசையாகக் குறிப்பிடுங்கள். ‘ஆவணம் வைக்கவில்லை’ என்ற பதிலுக்கு அதுதான் மருந்து. அசல் எதையும் கொடுக்காதீர்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய்த் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதி முத்திரை வாங்குங்கள். மனுவைப் பிரிவு எழுத்தரின் மேசையிலோ அதிகாரியின் கையிலோ நேராகக் கொடுப்பது மரியாதை என்று நினைக்கிறார்கள். தபால் பிரிவில் ஏறாத மனு, எழுத்தர் தன்னிடம் வரும் மனுக்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டிலும் ஏறாது. தன்பதிவேட்டில் ஏறாத மனு அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

முத்திரை போட மறுத்தால் வாதாட வேண்டாம், வெளியே வந்து தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் என்ற தனிச் சேவை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது, அதனால் ஸ்பீடு போஸ்ட்டிலேயே பட்டுவாடாச் சான்று கிடைக்கிற மாதிரி கேட்டு அனுப்புங்கள். ரசீதை மனுவின் நகலோடு பின் அடித்து வையுங்கள். சேர்ந்துவிட்டதா என்று இணையத்தில் பார்த்து அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஆன்லைன் மனுவானால் நிராகரிப்புக் காரணம் தெரிகிற பக்கத்தை அன்றே எடுத்து வைக்க வேண்டும். அதில் ‘இதர காரணங்கள்’ என்று மட்டும் இருந்தால் அதைக் குறிப்பிட்டு, விண்ணப்ப எண்ணைப் போட்டு, முழு ஆணையைக் கேட்டு மறுபடி எழுத்தில் மனு.

ஒரு மாதம் ஓடியும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இங்கே பெரும்பாலோர் செய்யும் தப்பு, ‘என் மனுவை ஏன் நிராகரித்தீர்கள்?’ என்று கேட்பது. ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். இந்தத் தேதியிட்ட என் மனு ஏறிய தன்பதிவேட்டுப் பக்கத்தின் நகல். அதன் மீது வருவாய் ஆய்வாளர் கொடுத்த அறிக்கையின் நகல். கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். நகல் கேட்டால் கொடுக்க வேண்டும், அல்லது அப்படி ஒன்று இல்லை என்று எழுத வேண்டும். இரண்டாவதும் நமக்கு வெற்றிதான். இந்தச் சட்டத்தின் 4-வது பிரிவில், நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டும் என்ற கடமையே தனியாக இருக்கிறது. மனுவில் ‘பிரிவு 4(1)(டி)’ என்று ஒரு வார்த்தை போட்டுவிடலாம். தகவல் தர மறுப்பதாக இருந்தாலும், எதற்காக மறுக்கிறேன், எத்தனை நாளுக்குள் அப்பீல், யாரிடம் அப்பீல் என்ற மூன்றையும் சொல்லித்தான் மறுக்க வேண்டும் என்கிறது 7-வது பிரிவின் 8-வது உட்பிரிவு. ஒரு ‘இல்லை’யை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல இலக்கணம் அதுதான். பதில் தர வேண்டிய 30 நாள் கெடு தாண்டினால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அடுத்து தகவல் ஆணையத்துக்கு 90 நாள்.

காவல் நிலையம் தனி உலகம், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகார் கொடுத்தால் குறைந்தபட்சம் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. வழக்குப் பதிய மறுத்தால் புகாரின் சாரத்தைத் தபாலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும், அதற்கும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. 2024 ஜூலை 1 முதல் இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173(4), 175(3) பிரிவுகள். மாஜிஸ்திரேட் முதலில் கேட்பது கண்காணிப்பாளருக்கு அனுப்பிய தபால் ரசீதைத்தான்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியாதவர்கள் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்து வெளியே நிற்கிற பெண்கள் நிறைய. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அந்த அம்மா வக்கீலுக்குக் கடன் வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டியதே இல்லை.

சென்னைவரை போய் வாங்கிய ‘இல்லை’

இந்த விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது உயர் நீதிமன்றத்தின் பட்டியல். அரசு அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கோரும் ரிட் மனுக்களில் ஒரு பெரும் பகுதி கேட்பது ஒன்றே ஒன்று: ‘இந்தத் தேதியில் நான் கொடுத்த மனுவைப் பரிசீலித்து ஆணை பிறப்பிக்க உத்தரவிட வேண்டும்.’ நிலம் கேட்கவில்லை, பட்டா கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை. ஏதாவது ஒரு பதில் கேட்கிறார்கள். நீதிமன்றமும் தகுதியைப் பற்றி எதுவும் சொல்லாமல், இன்ன வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுங்கள் என்று உத்தரவிடுகிறது. அதற்கும்கூட மனுக் கொடுத்ததற்கான ஆதாரம் இருக்க வேண்டும். கேட்டாய், மறுத்தார்கள் அல்லது மௌனமாக இருந்தார்கள் என்று காட்டாமல் அந்த உத்தரவு கிடைக்காது. தபால் பிரிவு முத்திரை இங்கேதான் மறுபடி தலையைக் காட்டுகிறது.

உத்தரவு தாலுகாவுக்கு வருகிறது. விசாரணைக்கு அழைக்கிறார்கள். சில வாரங்களில் ஒரு செயல்முறை ஆணை வருகிறது. அதில் பல சமயம் இருப்பது: ‘எனவே மனுதாரரின் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’ செலவு, வக்கீல் கட்டணம், சென்னைக்கோ மதுரைக்கோ போன பயணம், ஒன்றரை வருடம். கிடைத்தது ஒரு ‘இல்லை’. முதல் நாளே ஜன்னலில் ஒரு தாளில் எழுதியிருக்கக்கூடிய ‘இல்லை’. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைத் தோல்வி என்பார்கள். வக்கீல் ஆபீசில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஆணையைப் பிரித்ததும் முதலில் தேடுவது தேதியை, அடுத்து காரணத்தை. பட்டா விஷயமானால் 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் கோட்டாட்சியருக்கு 12-வது பிரிவில் அப்பீல், மாவட்ட வருவாய் அலுவலருக்கு 13-வது பிரிவில் சீராய்வு. வாரிசு விஷயமானால் கோட்டாட்சியர், அல்லது சிவில் கோர்ட். எங்கே போனாலும் பிராதின் அந்தக் காலி இடம் இப்போது நிரம்பிவிட்டது.

ஆணை கைக்கு வந்ததும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், பலர் பார்ப்பதில்லை. கடிதத்தின் தலையில் கோப்பு எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து இருக்கும். ‘ப.மு.’ என்றால் பத்தாண்டு முடிவு, ‘மூ.மு.’ என்றால் மூன்றாண்டு முடிவு, ‘ஓ.மு.’ என்றால் ஓராண்டு முடிவு. கோப்பை எத்தனை வருடம் வைத்திருந்து அழிக்கலாம் என்பதற்கான குறி அது. மறுப்புக் கடிதத்தில் ‘ஓ.மு.’ என்று இருந்தால், அப்பீல் போகிறோமோ இல்லையோ, விசாரணை அறிக்கை, வாக்குமூலம், குறிப்புப் பக்கம் எல்லாவற்றுக்கும் அந்த வாரமே நகல் கேட்டுவிட வேண்டும். அடுத்த வருடம் வக்கீல் கேட்கும்போது அந்தக் கோப்பு பதிவறையில் இருக்காது. இருந்தால் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்க வேண்டும்.